இருபது கவர் காராமணி

அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் டாக்டர் முகத்தை மறந்தாலும் மறப்பார்கள், டோக்கன் அக்காவை மறக்கமாட்டார்கள். வாசலுக்கு நேரே ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. "எனக்கு டைரக்டரைத் தெரியும்" என்று வருகிறவர்களிடம், "ரொம்ப சந்தோஷம், நம்பர் நாப்பத்தாறு, போய் உக்காருங்க" என்பாள். ஒருநாள் கண் உறுத்துகிறது என்று அந்த டைரக்டரே வந்து நின்றபோது அவருக்கு ஐம்பத்தொன்று கொடுத்தாள். அவரும் போய் உட்கார்ந்தார். பாவம், வேறு என்ன செய்வார்?

வரிசை என்பது அவள் ரத்தத்தில் ஊறிய விஷயம். கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர், வீட்டில் குளியலறை ஒன்று. யார் எத்தனை மணிக்கு என்று ஒன்பது வயதிலேயே கதவில் காகிதம் எழுதி ஒட்டியவள். பெரிய அண்ணன் அதைக் கிழித்துப் போட்டார். மறுநாள் அவர் தலையில் சோப்பு போட்ட நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று அக்கா இன்றுவரை வாய் திறக்கவில்லை.

கட்டிக்கொண்டவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர், தெருவில் வாட்ச்காரர் என்பார்கள். நாள் முழுக்கக் கடுகளவு சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிறவர், அதனால் எதிலும் ஒரு பதம், ஒரு நிதானம். கல்யாணமான முதல் வாரம் அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "நீ வெளியே பார்த்துக்கோம்மா, அடுப்பை நான் பார்த்துக்கறேன்" என்றார். மனுஷர் எவ்வளவு பக்குவமாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வந்தவள்தான், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

விதை விவகாரம் டோக்கன் வரிசையில்தான் ஆரம்பித்தது. ஒரு திங்கட்கிழமை முப்பத்தொன்றாம் நம்பர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து முப்பத்திரண்டுக்குக் கத்தரி விதை கொடுத்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கொஞ்சம்" என்று நாற்பது எழுந்து வந்தது. "எங்கிட்ட நல்ல வெண்டை இருக்கே" என்று இருபத்தெட்டு திரும்பி வந்தது. ஐந்து நிமிஷத்தில் வரிசை சந்தையாகிவிட்டது. அக்கா கண்ணாடியைத் தட்டி எல்லாரையும் உட்கார வைத்தாள். ஆனால் அவள் மனசு உட்காரவில்லை. ஊரில் இத்தனை பேர் விதை வைத்திருக்கிறார்கள், இத்தனை பேர் விதை தேடுகிறார்கள், நடுவில் ஒரு வரிசை இல்லையே! அந்த ஒரு குறை அவளை வாட்டி எடுத்துவிட்டது.

நல்ல நேரமாக, ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அட்டை வைக்கிற பழைய மர அலமாரியைத் தூக்கிப்போட இருந்தார்கள். நாற்பத்தெட்டு சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பித்தளைக் கைப்பிடி. அக்கா கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி, தன் தெருக்கோடியில் இருந்த பொதுக்கூடத்தில், டேபிள் டென்னிஸ் மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். விதை போட உறை வேண்டுமே? மருந்துக்கடைக்காரர் மாத்திரை போடுகிற பழைய கவர்கள் ஒரு கட்டு கொடுத்தார். அதில் காலை, மதியம், இரவு என்று அச்சடித்திருந்தது. அக்கா அதையும் வீணாக்கவில்லை. எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டுமோ அங்கே டிக் போட்டாள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

அலமாரியின் மேல்வரிசை பச்சை ஒட்டு, புதுசாக ஆரம்பிக்கிறவர்களுக்கு. நடுவரிசை மஞ்சள், கொஞ்சம் பழகினவர்களுக்கு. அடிவரிசை சிவப்பு, கில்லாடிகளுக்கு. யார் எந்த வரிசை என்று அக்காதான் விசாரித்து முடிவு செய்வாள். "இதுவரைக்கும் எதையாவது வளர்த்து உயிரோட வெச்சிருக்கீங்களா?" என்பது முதல் கேள்வி. ஒரு கவர் எடுத்தால் பருவம் முடிந்ததும் அதே விதையில் ரெண்டு கவர் திருப்பித் தர வேண்டும். சுவரில் ஒரு பலகை, அதில் எல்லார் பெயரும், திருப்பித் தந்தவர்களுக்கு நேரே ஒரு நட்சத்திரம். மூன்றே மாதத்தில் முப்பத்திரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

எல்லாம் சரி. ஒரே ஒரு சங்கதி மட்டும் அந்த முப்பத்திரண்டு பேருக்கும் தெரியாது. அக்காவுக்குச் செடி வராது.

வராது என்றால், சுத்தமாக வராது. விதையைப் போட்டுவிட்டு அவளால் சும்மா இருக்க முடியாது. காலையில் தண்ணீர், ஆஸ்பத்திரி கிளம்பும்போது தண்ணீர், வந்ததும் தண்ணீர். மூன்றாம் நாள் விரலால் மண்ணைக் கிளறி, முளைத்துவிட்டதா என்று விதையை வெளியே எடுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பாள். நாலாம் நாளும் எடுப்பாள். "அது என்ன டோக்கனா, எட்டிப் பார்த்தா நகர்றதுக்கு?" என்று வாட்ச்காரர் தலையில் அடித்துக்கொள்வார். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் பருவத்தில் அக்கா எல்லார் முன்னாலும் ஒரு கவர் காராமணி எடுத்திருந்தாள். குழந்தைகூட வளர்த்துவிடும் பயிர் அது. அவள் தொட்டியில் அது அழுகி நாற்றமெடுத்தது.

பருவம் முடிந்தது. பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் நட்சத்திரம் ஏறிக்கொண்டே வந்தது. அக்கா பெயருக்கு நேரே மட்டும் வெறிச்சென்று இருந்தது. கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருநாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பலகையையே ரொம்ப நேரம் பார்த்தார். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் டீச்சர்தனத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. மண்ணுக்குள் தெர்மாமீட்டர் குத்துகிறவர், எத்தனை விதை போட்டு எத்தனை முளைத்தது என்று நோட்டுப் போட்டு எழுதுகிறவர். சிவப்பு வரிசையின் பாதி இழுப்பறைகள் அவருடைய கைங்கரியம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அக்கா ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள்.

மறுநாள் விடிகாலை, வாட்ச்காரர் நடக்கப் போன சமயம், அக்கா பூனை மாதிரி அடுப்படிக்குள் நுழைந்தாள். ஏழாவது டப்பாவில் காராமணி இருந்தது. சிவப்பாக, கொழுகொழுவென்று. பயறு பயறுதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது? ரெண்டு கவர் போட்டால் போதும். ஆனால் பொய் சொல்ல ஆரம்பித்த கை அவ்வளவு சீக்கிரம் நிற்குமா? இருபது கவர் போட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கூடத்தில் ஒரே கைதட்டல். "ஒரு கவருக்கு இருபதா! அக்காவுக்கு என்ன கை!" என்று ஆளுக்கு ஆள் கொண்டாடினார்கள். அக்கா சிரித்துக்கொண்டே இருபதையும் பச்சை வரிசை முதல் இழுப்பறையில் அடுக்கி, தன் பெயருக்கு நேரே தானே நட்சத்திரம் ஒட்டினாள்.

அடுத்த பருவத்தில் அந்த இழுப்பறையைத்தான் முதலில் திறந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பதினாறு பேர் அதிலிருந்து எடுத்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். ஆறடி உயரம், மேஜையில் கை வைத்தால் மேஜை அசையும், ஆனால் பேசும்போது குரல் எங்கேயோ அடியில் கிடக்கும். பால்கனியில் ரெண்டே ரெண்டு தொட்டி வைக்க இடம் இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். ரெண்டு வாரம் கழித்து வெறுங்கையோடு வந்து நின்றார்.

"ஒண்ணும் வரலைக்கா."

"தண்ணி அதிகமா ஊத்திட்டீங்களோ?" என்றாள் அக்கா, ஏதோ தான் ஊற்றாதவள் மாதிரி.

"இருக்கும்கா" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இன்னொரு கவர் வாங்கிப் போனார். அதுவும் வரவில்லை. "வெயில் பத்தலையோ?" என்றாள். மூன்றாவது கவர். அதுவும் போச்சு. அப்போதுதான் அவர் சொன்னார்: "விடுங்கக்கா. சின்ன வயசுல இருந்தே எங்க வீட்ல சொல்லுவாங்க, உன் கை பட்டா எதுவும் உருப்படாதுன்னு. நான் வளர்த்த கிளி செத்துது, மீன் செத்துது. அதான்." உறுப்பினர் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே இன்னும் நாலு பேர் அட்டையை வைத்தார்கள்.

டீச்சர் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். "பதினாறு பேர், ஒருத்தருக்குக்கூட ஒரு முளை இல்ல. இது விளையாட்டு இல்லம்மா. விதை அருமை தெரியாதவங்க கையில விதையைக் குடுத்து வீணடிக்கிறோம். இனிமே அனுபவம் உள்ளவங்களுக்கு மட்டும்தான்னு ஒரு தீர்மானம் போட்டுடலாம். வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நான் கொண்டுவர்றேன்" என்றார். அக்கா "சரி டீச்சர்" என்றாள். புதியவர்களை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முளைக்கவில்லையே, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்படியிலிருந்து வாசனை வந்தது. எட்டிப் பார்த்தாள். வாட்ச்காரர் வாணலியில் எதையோ நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். சிவப்பாக, கொழுகொழுவென்று.

"என்னங்க அது?"

"காராமணிம்மா. புதுசா வாங்கினது."

"அதை எதுக்கு வறுக்கறீங்க?"

"வறுக்காம டப்பாவுல போட்டா வண்டு வந்துடாது? வீட்ல இருக்கற எந்தப் பயறையும் நான் லேசா ஒரு வாட்டி வறுக்காம உள்ள வெச்சதில்லையே. உனக்கு எங்க தெரியும், நீ எந்தக் காலத்துல இந்தப் பக்கம் வந்திருக்கே?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வறுத்த பயறு! மண்ணுக்குள் போட்டாலும் தங்கத்துக்குள் போட்டாலும் அது எப்படி முளைக்கும்? பதினாறு பேர் வறுத்த பயறுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ராத்திரியும் பகலும் அதைப் பார்த்துக்கொண்டு, கடைசியில் தங்களையே நொந்துகொண்டு போயிருக்கிறார்கள். அந்த டிரைவர், அட கடவுளே, மூன்று தடவை!

விஷயத்தைக் கேட்ட வாட்ச்காரர் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"மீதி கவரை எடுத்துக் குப்பையில போட்டுட்டுப் பேசாம இருந்துடலாமா? யாருக்கும் தெரியாது."

"தெரியாது" என்றார் அவர். கொஞ்சம் திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவளுக்கு இருந்தது. சொன்னால் மானம் போய்விடும். இருபது கவர் அக்கா, கைராசி அக்கா, எல்லாம் புளுகு என்று தெரு சிரிக்கும், ஆஸ்பத்திரி வரைக்கும் போகும். சொல்லாவிட்டால் நாளைக்குக் காலை அந்தப் பதினாறு பேரையும் உருப்படாதவர்கள் என்று தீர்மானம் போட்டு வெளியே தள்ளுவார்கள், அதில் அவளும் கைதூக்க வேண்டும். அவள் சாப்பிடாமல் படுத்தாள்.

ஞாயிறு காலை பத்து மணி. கூடத்தில் நாற்காலி போதாமல் டேபிள் டென்னிஸ் மேஜைமேல் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரும் வந்திருந்தார். வந்தே ஆக வேண்டும் என்று அக்கா காலையிலேயே ஆள்மேல் ஆள் அனுப்பியிருந்தாள். அவர் கடைசி வரிசையில், தன் உடம்பை எவ்வளவு சின்னதாக மடக்க முடியுமோ அவ்வளவு மடக்கி உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் நோட்டைத் திறந்தார். "முதல் விஷயம். புதுசா வர்றவங்க..."

"டீச்சர், ஒரு நிமிஷம்" என்று அக்கா எழுந்தாள். ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த முன்னுரை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அந்தக் காராமணி நான் வளர்த்தது இல்ல. எங்க வீட்டு டப்பாவுல இருந்து எடுத்தது. வறுத்த பயறு. அது முளைக்காது. எனக்கு எந்தச் செடியும் வராது. இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுகூட வந்ததில்ல. வெக்கமா இருந்துச்சு, அதான் பொய் சொன்னேன். வறுத்ததுன்னு நேத்துதான் தெரியும், சத்தியமா. ஆனா பொய் பொய்தான்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "வறுத்ததா?" "நான் தினமும் அதுகிட்டப் பாட்டெல்லாம் பாடினேனே!" "உப்புப் போட்டுத் தின்னிருந்தாலாவது வயிறு நிறைஞ்சிருக்கும்!" தையல்காரப் பெண் ஒருத்தி அக்காவை முறைத்தாள், அவளும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தவள். அந்த முறைப்பு நியாயமானது என்று அக்காவுக்கே பட்டது. வாட்ச்காரர் நிலைமையைச் சமாளிக்கலாம் என்று நினைத்து எழுந்து, "மிதமான தீயில ஆறு நிமிஷம் வறுத்தது. தரத்துல ஒரு குறையும் கிடையாது" என்றார். அக்கா அவரைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

டீச்சர் நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். முகம் சிவந்துபோயிருந்தது. அடுத்து விழப்போகிற இடிக்கு அக்கா தயாராக நின்றாள்.

"அந்த இழுப்பறையில இருந்து நானும் ஒரு கவர் எடுத்தேன்" என்றார் டீச்சர்.

"நீங்களா?"

"யாரும் இல்லாத நேரமாப் பார்த்து எடுத்தேன். பச்சை வரிசையில நான் கை வெச்சேன்னு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? போட்டேன். ஒண்ணுகூட வரல. முப்பது வருஷமா தோட்டம் போடறவளுக்குக் காராமணி முளைக்கலன்னு வெளியே சொல்ல முடியுமா? நோட்டுல எலி தின்னுடுச்சுன்னு எழுதிட்டேன். எங்க வீட்ல எலியே கிடையாது."

யாரோ முதலில் களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை. டேபிள் டென்னிஸ் மேஜையே குலுங்கியது. "நான் அன்னைக்கே வாயைத் திறந்து எனக்கும் வரலன்னு சொல்லியிருந்தா, விதையிலதான் கோளாறுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். அதை விட்டுட்டுத் தீர்மானம் போட வந்துட்டேன்" என்ற டீச்சர், நோட்டில் இருந்த தீர்மானப் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் பிடித்தது.

அப்போதுதான் கடைசி வரிசையில் டிரைவர் எழுந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப தப்பு எம்மேல இல்லையாக்கா?"

"இல்ல தம்பி. உங்கமேல எந்தத் தப்பும் இல்ல."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அவர் உள்ளங்கை ரெண்டையும் திருப்பி ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "மூணாவது தடவையும் வராதப்ப அந்தத் தொட்டிகிட்ட உக்காந்து மன்னிப்பு கேட்டேன்கா" என்றார். "என் கையில வந்து மாட்டிக்கிட்டீங்களேன்னு."

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் யார் அழுதாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நம்பர் கொடுத்தவள், நடுக்கூடத்தில் நின்று ஓவென்று அழுதாள். பலகைக்குப் போய்த் தன் பெயருக்கு நேரே இருந்த நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அலமாரிச் சாவியை டீச்சர் கையில் வைத்தாள். டீச்சர் அதைத் திருப்பி அவள் கையிலேயே திணித்தார். "எனக்கு விதை வைக்கத் தெரியும், ஆளுங்களை வரிசையில நிக்க வைக்கத் தெரியாது. நீங்களே வெச்சுக்குங்க. ஆனா இனிமே நீங்க பச்சை வரிசை" என்றார். கையோடு தன் பையிலிருந்து, சொந்தத் தோட்டத்தில் விளைந்து வெயிலில் மட்டுமே காய்ந்த காராமணியை எடுத்து, பதினாறு பேருக்கும் அக்காவுக்கும் ஒரு கவர் வீதம் எண்ணிக் கொடுத்தார். தையல்காரப் பெண் வாங்கிக்கொண்டாள், ஆனால் அக்கா முகத்தைப் பார்க்காமலேயே போனாள்.

கூட்டம் கலைந்தது. அக்கா தன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "இதை வாங்கி நான் என்ன பண்ண? இதுவும் அழுகத்தான் போகுது" என்றாள். டிரைவர் அருகில் வந்தார். அவர் கையிலும் பிரிக்காத கவர் இருந்தது. நல்ல விதை என்று தெரிந்துவிட்டதே, இப்போது வராமல் போனால் சாக்கு சொல்ல ஒன்றும் மிச்சமில்லையே என்ற பயம் அவருக்கும் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, ஒரு யோசனை. நாளைக்கு எனக்கு லீவு. உங்க வீட்டுக்கு வர்றேன். ரெண்டு கவரையும் ஒண்ணாக் கொட்டி, கலந்து, ஒரே தொட்டியில போடுவோம். வந்தது யாருது, போனது யாருதுன்னே தெரியாது."

மறுநாள் அப்படித்தான் போட்டார்கள். வாட்ச்காரர் தன் கடையிலிருந்து ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேலே மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஏழு மணிக்குத்தான் தண்ணீர் என்று உத்தரவு போட்டார். மண்ணைக் கிளறமாட்டேன் என்று டிரைவர் அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த நாலு நாள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஐந்தாம் நாள் காலை டிரைவர் டியூட்டிக்குப் போகிற வழியில் வந்தபோது, அக்கா தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். விரலை நீட்டினாள். மண்ணைப் பிளந்துகொண்டு ஒன்பது முளை வந்திருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் யூனிஃபார்மோடு மண்டியிட்டு, மூச்சுப் படாமல் குனிந்து, ஒவ்வொன்றாக எண்ணினார்.

"அத்தனையும் உங்களுதுதான்கா" என்றார்.

"போங்க தம்பி, அத்தனையும் உங்களுது" என்றாள் அக்கா. ரெண்டு பேரும் அதற்காகச் சண்டை போட்டதில் அன்றைக்கு முதல் பஸ் ஏழு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.